தாலுகா ஊரில் தனி அலுவலகமா, சீனியரின் அறையா: வழக்குரைஞர் ஒருவரின் ஒப்பீடு

கடந்த மே மாத விடுமுறையில், உரிமையியல் நீதிமன்றங்கள் பூட்டிக் கிடந்த ஒரு முற்பகலில், மதுரையில் ஒரு சீனியரிடம் மூன்று ஆண்டுகளாக ஜூனியராக இருக்கும் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்து, "சார், ஊருக்கே வந்திரலாம்னு பாக்கேன். போர்டு மாட்டிட்டா ஓடுமா?" என்று கேட்டார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் மதுரை என்றும் மறு பக்கம் சங்கரன்கோவில் என்றும் தலைப்பிட்டு, இரண்டின் கீழும் வரவு, வாடகை, பஸ் கட்டணம், பெற்றோரின் வயது வரைக்கும் குறித்திருந்தார். கணக்கு நேர்த்தியாகவே இருந்தது. ஆனால் நாம் செய்யும் பிழையை நீதிமன்றமோ எதிர்த்தரப்போ பிடிப்பதற்கு முன் பிடித்துச் சொல்ல அந்தந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்ற வரி மட்டும் இரண்டு பக்கத்திலும் இல்லை. பதினெட்டு ஆண்டுகளாகத் தாலுகா ஊரில் தனியாக எல்லா வகை வழக்கும் நடத்திவரும் எனக்கு, இப்போது இருக்கும் வழிகளை எல்லாம் அந்த ஒரு வரியை வைத்துத்தான் அளக்கத் தோன்றுகிறது.

அவர் பார்த்தது இரண்டு வழிகளை. உண்மையில் குறைந்தது ஐந்து இருக்கின்றன: உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் சீனியரிடமே தொடர்வது, மாவட்ட நீதிமன்றம் உள்ள ஊரில் உரிமையியல் வழக்கு நடத்தும் ஒரு சீனியரிடம் சேர்வது, சொந்தத் தாலுகா ஊரில் தனி அலுவலகம் போட்டு வருவதை எல்லாம் எடுப்பது, அதே ஊரில் தனியாகவே இருந்து ஏதேனும் ஒரு துறையை மட்டும் வைத்துக்கொள்வது, இன்னொருவருடன் சேர்ந்து அலுவலகம் நடத்துவது. நீதிபதித் தேர்வு, சட்ட உதவி அமைப்பில் ஒப்பந்தப் பணி ஆகியவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும். அவற்றை இறுதியில் சுருக்கமாகப் பார்க்கலாம்.

கேள்வி ஒன்றும் புதிதல்ல. தந்தை வக்கீலாக இருந்த ஓட்டப்பிடாரத்திலேயே பிளீடராகத் தொழில் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1900இல் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். சிற்றூரிலிருந்து பேரூருக்குப் போவதா, திரும்பி வருவதா என்பது நூறாண்டுகளுக்கு மேலாகவே இந்தப் பக்கத்து வக்கீல் வீடுகளில் பேசப்பட்டு வரும் விஷயம்.

முதலில் பணத்தைப் பேசி முடித்துவிடுகிறேன். தொழிலுக்குள் நுழைவதற்கு ஆகும் செலவு இப்போது மிகக் குறைவு. வழக்குரைஞர் சட்டம் 1961 குறிப்பிடும் கட்டணத்துக்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்த பிறகு, பொதுப் பிரிவினருக்குப் பதிவுக் கட்டணம் 750 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். நுழைந்த பிறகு நிற்பதுதான் செலவு. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகக் கிடைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரை எத்தனை சீனியர்களின் மேசை வரை வந்தது என்பதை ஜூனியர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். இருந்தாலும், கேட்பதற்கு ஓர் எண்ணாவது இப்போது இருக்கிறது.

தாலுகா ஊரில் அந்த எண்ணும் கிடையாது. வக்காலத்துக் கையெழுத்தாகும்போது கொஞ்சம், சாட்சிக் கூண்டில் ஏறும் வாரத்தில் கொஞ்சம், தீர்ப்புக்குப் பிறகு மீதி என்று பேசுவோம். தீர்ப்புக்குப் பிறகு என்று பேசியதில் பெரும்பகுதி வராது. வென்றவருக்கு அடுத்துச் செய்யவேண்டிய செலவு இருக்கும், தோற்றவருக்கு மனம் இருக்காது. கட்டணத்தை வழக்கின் முடிவோடு முடிச்சுப் போடுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதையும் பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன என்பதால், வென்றால் இவ்வளவு என்ற பேச்சுக்கு முறையாகத் தொழில் செய்கிறவர் போக முடியாது. ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வீட்டில் இன்னொரு வருமானம் இருந்தால்தான் தனி அலுவலகத்தைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் கணிப்பு. நோட்டுப் புத்தகத்தின் வரவு செலவுப் பக்கத்தில் நான் சேர்க்கச் சொன்னது இவ்வளவுதான்.

மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன், தென்மாவட்டக்காரர் மேல்முறையீட்டுக்கும் ரிட் மனுவுக்கும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. அங்கே ஒரு நல்ல சீனியரிடம் இருப்பதன் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிரமாணப் பத்திரத்தில் ஒரு சொல்லைக் கூட்டுவதும் குறைப்பதும் வழக்கை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது அங்கே தெரியும். முன்தீர்ப்புகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் வரும். ஜூனியர் எழுதிய வரைவைச் சீனியர் அடித்துத் திருத்துவார், அவர் கண்ணுக்குத் தப்பியதைப் பதிவகம் குறைபாடு குறித்துத் திருப்பி அனுப்பும். பிழை பிடிக்க ஆள் இருக்கும் இடம் அது. ஆனால் அங்கே வந்து சேரும் வழக்கில் சாட்சி ஏற்கெனவே பேசி முடித்திருப்பார். இரண்டாம் மேல்முறையீடு என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் நிற்கும்; கிணற்று மேட்டில் யார் நின்றார்கள் என்பதை அங்கே யாரும் மறுபடி விசாரிப்பதில்லை. மூன்று ஆண்டுகள் முடித்துவிட்ட அந்தப் பெண்ணிடம், இதுவரை எத்தனை சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவரைக்கூட இல்லை என்றார். அது அவருடைய குறையல்ல, அந்த இடத்தின் இயல்பு.

மொழியும் ஒரு வேறுபாடு. தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தத்தின் பயன் அது. உயர் நீதிமன்றத்தில் எல்லாம் ஆங்கிலம். மதுரையில் மூன்று ஆண்டு ஆங்கிலத்தில் வரைவு எழுதிப் பழகியவர், முன்சீப் நீதிமன்றத்தில் ஒரு வழக்குரையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், "தாவா சொத்து" (வழக்கிலுள்ள சொத்து), "அனுபவ பாத்தியம்" (அனுபவத்தால் வந்த உரிமை), "தபசில்" (சொத்து விவரப் பட்டியல்) என்ற சொற்களுக்கு நடுவே புதிதாகப் பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கும். இதைச் சிறிய விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. எவ்வளவு பெரிய விஷயம் என்பதை என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

நான் திருநெல்வேலியில் ஒரு சீனியரிடம் ஐந்து ஆண்டு இருந்துவிட்டுச் சங்கரன்கோவிலில் அலுவலகம் போட்ட மூன்றாம் ஆண்டில், கரிசல் புஞ்சை எண்பது சென்ட்டின் சுவாதீனத்தைத் திரும்பப் பெறுவதற்காக ஒரு விவசாயி வந்தார். உட்பிரிவு செய்யப்படாத பெரிய புல எண் ஒன்றுக்குள் இருக்கும் எண்பது சென்ட். ஆகவே புல எண்ணை வைத்து அடையாளம் காண முடியாது, நான்கு மால்தான், அதாவது நான்கு பக்கத்து எல்லைகள்தான், ஆதாரம். எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் மால் எழுதும் முறையில் ஒரு பொறி உண்டு. "இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு" என்று எழுதியிருந்தால், நம்முடைய நிலம் அந்த இன்னாருடைய புஞ்சைக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள்; அதாவது அவர் நமக்கு மேற்கு எல்லை. அவசரத்தில் நான் அதைக் "கிழக்கே இன்னார் புஞ்சை" என்று பெயர்த்தெழுதினேன். மேற்கும் அவ்வாறே மாறியது. வழக்குரையைத் தட்டச்சு செய்தவருக்குப் பத்திரம் தெரியாது. கட்சிக்காரருக்கு எழுத்து வராது. என் அறையில் வேறு யாரும் இல்லை. எதிர்த்தரப்பு வழக்குரைஞர் கவனித்தாரா, கவனித்தும் பேசாமல் இருந்தாரா என்பது இன்றுவரை அவருக்கு மட்டுமே தெரியும்.

சாட்சி நன்றாகப் பேசினார், வென்றோம். தீர்ப்பைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுப் போட்டு, நீதிமன்ற ஊழியரான அமீனா வாரண்டோடு புஞ்சையில் வந்து நின்று, தீர்ப்பாணையின் தபசிலைச் சத்தமாகப் படித்து, கிழக்கு எது மேற்கு எது என்று கையை நீட்டிக் காட்டியபோது, அந்த எண்பது சென்ட் பக்கத்துக்காரரின் கம்பங்கொல்லையில் போய் விழுந்தது. வாரண்டு நிறைவேறாமல் திரும்பியது. எழுத்துப் பிழையைத் திருத்த உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவின் கீழ் மனுப் போட்டேன். அது வெறும் எழுத்துப் பிழை அல்ல, சொத்தின் அடையாளத்தையே மாற்றுவது என்று எதிர்த்தரப்பு தகராறு செய்தது. ஒன்றரை ஆண்டு போனது. அந்த விவசாயி என்னைத் திட்டவில்லை. மூலப் பத்திரத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்து என் முன் விரித்து, "இதுல சரியாத்தான வக்கீலய்யா எழுதியிருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சீனியரின் அறையாக இருந்திருந்தால் அந்தப் பிழை சாயங்காலத்துக்குள் பிடிபட்டிருக்கும். தபசிலை ஒருவர் படிக்க, மற்றவர் பத்திரத்தில் விரல் வைத்துப் பார்ப்பது அங்கே கட்டாய வழக்கம். நான் அதைச் சடங்கு என்று நினைத்து விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இதனால்தான் இரண்டாவது வழியை, அதாவது மாவட்ட நீதிமன்ற ஊரில் உரிமையியல் சீனியரிடம் சேர்வதை, மதுரையைவிட மேலாக மதிக்கிறேன். அங்கே முன்சீப் நீதிமன்றம் முதல் மாவட்ட நீதிமன்றம் வரை ஒரே வளாகத்தில் இருக்கும். காலையில் வாய்தா கேட்கப் போன ஜூனியரை மதியம் சாட்சி விசாரணைக்கு நிறுத்திவிடுவார்கள். 2002இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு முதல் விசாரணை (சாட்சியை அழைத்த தரப்பே கேட்பது) பெரும்பாலும் பிரமாணப் பத்திரமாகவே தாக்கலாகிவிடுவதால், கூண்டில் உண்மையாக நடப்பது குறுக்கு விசாரணைதான். அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. ஒரு கேள்வியை எப்போது கேட்காமல் விட வேண்டும் என்பதை, சீனியர் பின்னால் இருந்து கோட்டு நுனியைப் பிடித்து இழுக்கும்போதுதான் கற்றுக்கொள்கிறோம். இந்த வழியின் குறை, அது முடிவில்லாமல் நீளக்கூடியது என்பதுதான். பத்தாண்டு கழிந்தும் சீனியரின் கட்டைத் தூக்கிக்கொண்டு, சொந்த வக்காலத்து ஒன்றுமில்லாமல் நாற்பது வயதைத் தொட்டவர்களை எனக்குத் தெரியும். சேரும் நாளிலேயே வெளியேறும் ஆண்டையும் குறித்துக்கொள்வது நல்லது.

இனி, தாலுகா ஊரின் தனி அலுவலகம். இதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ஒன்று கேலியாகவோ அல்லது பெருமையாகவோதான் பேசுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சாதாரணத் திங்கட்கிழமையைச் சொல்கிறேன். காலை எட்டரைக்கு இரண்டு சகோதரர்கள் வருவார்கள். கிணற்றில் ஆறில் ஒரு பங்கு, பம்ப்செட்டின் மின் இணைப்பு மூத்தவர் பெயரில், இளையவருடைய முறை நாளில் மோட்டார் அறைக்குப் பூட்டு. அடுத்து, விசைத்தறிக்கு நூல் கொடுத்தவர், திரும்பி வந்த காசோலையோடு. அடுத்து, யு.டி.ஆர். பட்டாவில் பாட்டனார் பெயருக்குப் பதிலாகப் பக்கத்துக்காரர் பெயர் ஏறிவிட்டது என்று முப்பது ஆண்டு கழித்துக் கண்டுபிடித்த ஒரு குடும்பம். 1979 முதல் 1987 வரை நடந்த அந்த நிலவுடைமைப் பதிவுப் புதுப்பிப்பின் பிழைகள் இன்னும் எங்களுக்குச் சோறு போடுகின்றன என்று சொன்னால் மிகையில்லை. பத்து மணிக்குக் குற்றவியல் நடுவர் முன் ஜாமீன். ஜாமீன்தாரர் தீர்வை ரசீதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார். மதியம் ஜீவனாம்ச மனு ஒன்று. மாலையில் சொத்து வாங்கப் போகிறவர், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழோடு. இரவு எட்டு மணிக்கு, கடையடைத்துவிட்டு வரும் பூ வியாபாரி, எதற்கு வந்தேன் என்று சொல்லாமலே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மகளுக்கு விவாகரத்து கேட்கலாமா என்பார்.

இந்தப் பலசரக்குத்தன்மைதான் பொது வழக்குரைஞருடைய பலம், ஆபத்தும் அதேதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கால வரம்பு இருக்கிறது, ஒவ்வொன்றும் வேறு வேறு. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் 15 நாள் அவகாசம். அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார். புகாரில் ஏற்பட்ட தாமதத்தைத் தகுந்த காரணம் காட்டினால் நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளலாம். நோட்டீஸில் தவறிய 30 நாளை எவராலும் திரும்பக் கொடுக்க முடியாது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள். எதிருரை தாக்கல் செய்ய 30 நாள், நீட்டித்தால் 90. 2024 ஜூலை 1 முதல் மூன்று குற்றவியல் சட்டங்களும் மாறியபோது, பழகிய பிரிவு எண்கள் எல்லாம் ஒரே இரவில் இடம்பெயர்ந்தன. ஜீவனாம்சத்துக்கு 125 என்று கை தானாக எழுதும், அது இப்போது 144. முன்ஜாமீன் 438இலிருந்து 482க்குப் போய்விட்டது. 482 என்றாலே உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் என்று பழகிய மூளைக்கு அது இன்னும் ஒட்டவில்லை. சீனியரின் அறையில் நான்கு பேர் சேர்ந்து கற்றுக்கொள்வதை இங்கே ஒருவர் மட்டும், இரவு பத்து மணிக்கு மேல் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஓரளவுக்குக் காப்பாற்றுகிறவர் குமாஸ்தா. நல்ல குமாஸ்தா கிடைத்தால் பாதி அலுவலகம் அமைந்துவிட்டது என்று பொருள். என்னிடம் இருப்பவருக்கு நீதிமன்றக் கட்டணம் 2017இல் ஏழரை விழுக்காட்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது, எந்த மனுவுக்கு எந்த வில்லை, ஈ-ஃபைலிங்கில் எந்தப் பக்கத்தில் எண் விடுபட்டால் கட்டு திரும்பி வரும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் அவர் பிடிப்பது தாக்கலின் பிழையை. சட்டத்தின் பிழையை அவர் பிடிக்க முடியாது. அதை அவரிடம் எதிர்பார்ப்பதும் நியாயமல்ல.

சிற்றூருக்கே உரிய இன்னொரு கடினம், யாருக்காகப் போக முடியாது என்பது. ஒருவருக்காக ஆலோசனை சொன்னாலோ, வழக்குரை எழுதினாலோ, அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 33 சொல்கிறது. மதுரையில் இந்த விதி ஆண்டுக்கு ஒருமுறை குறுக்கே வரும். எங்கள் ஊரில் வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒரு குடும்பத்தின் ஐந்து பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், அந்த ஐவரில் எவருக்காகவும் மற்றவருக்கு எதிராக நாளைக்கு அந்தப் பாகத்தில் நிற்க முடியாது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலும், நாடு முழுவதற்கும் 2005 செப்டம்பர் 9 முதலும் வந்தது. தந்தை அந்த நாளில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்திய பிறகு, அண்ணன்மார் எழுதிவைத்த பாகங்களைக் கேள்வி கேட்டுத் தங்கைகள் வரத் தொடங்கினார்கள். அவர்களில் சிலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அண்ணன்மாருக்கு ஒருகாலத்தில் நான்தான் யோசனை சொல்லியிருந்தேன். பெயர்களை எழுதிவைக்க என்னிடம் ஒரு தனிப் பேரேடு இருக்கிறது. புது ஆள் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் புரட்டுகிறேன். டீக்கடையில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு "சும்மா ஒரு சந்தேகம்" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதையும் இதனாலேயே நிறுத்திவிட்டேன். அந்தச் சும்மாவும் ஆலோசனைதான்.

பெண் வழக்குரைஞர் என்பதால் அவருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. தாலுகா ஊரில் பெண் வக்கீல் போர்டு மாட்டினால், ஜீவனாம்சமும் விவாகரத்தும் வரதட்சணைக் கொடுமையும் மட்டுமே அவரிடம் போக வேண்டும் என்று ஊர் தானாகவே தீர்மானித்துவிடும். நில வழக்குக்கு வருகிறவர், "ஐயா இல்லையா?" என்று உள்ளே எட்டிப் பார்ப்பார். இதை உடைக்க ஒரே வழி, புஞ்சை வரப்பில் நின்று நில அளவை வரைபடத்தை விரித்துப் பேசக்கூடிய தேர்ச்சிதான். அதுவும் மாவட்டத் தலைநகரின் உரிமையியல் அறையில்தான் கிடைக்கும். மதுரையில் அதற்கு வாய்ப்புக் குறைவு.

ஒரே துறையை வைத்துக்கொண்டு தனியாக இருப்பது நான்காம் வழி. கேட்பதற்கு அறிவார்ந்ததாகத் தெரிகிறது. கற்க வேண்டிய பரப்புச் சுருங்கும், பிழையும் குறையும். நடைமுறையில் இரண்டு தடைகள். பெயர்ப்பலகை அளவோடு இருக்க வேண்டும், இன்ன துறையில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர் என்று அதில் குறிப்பிடக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி 36, விளம்பரமும் கூடாது. ஆக, நீங்கள் எதில் வல்லவர் என்பது ஊருக்கு வாய்வழியாகத் தெரிய ஏழெட்டு ஆண்டாகும். அதுவரை வருவதை எல்லாம் எடுக்கத்தான் வேண்டும். இரண்டாவது, ஊரின் அளவு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை மட்டும் நம்பி அலுவலகம் போட்டவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. விபத்து நடந்த இடத்தில்தான் மனுப் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், வழக்கு வெளியூருக்கு எளிதில் போய்விடுகிறது. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆள் பிடிக்கும் தரகர்களோடு போட்டி போட முறையாகத் தொழில் செய்கிறவரால் முடியாது. தவிர, 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் சுருங்கியிருக்கிறது. காசோலை வழக்குகளை மட்டும் வைத்துக்கொள்வது பிழைப்புக்குப் போதும். ஆனால் இரண்டு ஆண்டில் அலுத்துவிடும், ஊரில் நூல் வியாபாரம் படுத்தால் நாமும் படுக்க வேண்டும்.

இந்த வழியில் ஒரே விதிவிலக்கு, நில ஆவணங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், மூலப் பத்திரங்கள், வில்லங்கம் ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் படித்துச் சொல்லத் தெரிந்தவருக்குத் தாலுகா ஊரில் வேலை வற்றாது. பட்டா உரிமை ஆவணம் அல்ல என்று நீதிமன்றங்கள் எத்தனை முறை சொன்னாலும், ஊர் பட்டாவைத்தான் நம்புகிறது; அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் எங்கள் வழக்குகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன. வட்டாட்சியர், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று ஏறிப் போகும் வருவாய்த்துறை மேல்முறையீட்டை ஒழுங்காக நடத்துகிற வழக்குரைஞர்கள் குறைவு. பொது வழக்குரைஞராகவே இருந்து, இந்த ஒன்றில் மட்டும் ஆழம் போவது நான்காம் வழியையும் மூன்றாம் வழியையும் சேர்த்துக் கட்டுவது போன்றது. நான் செய்துவருவது ஏறத்தாழ இதுதான்.

இருவர் சேர்ந்து அலுவலகம் நடத்துவது, என் அளவுகோலின்படி மிகச் சிறந்ததாக இருக்க வேண்டும். இரண்டு ஜோடிக் கண்கள். ஆனால் விதி 33 இங்கே இரட்டிப்பாகக் கடிக்கிறது. ஒருவர் பார்த்த கட்சிக்காரரின் எதிரியை மற்றவர் எடுத்தால், சட்டம் என்ன சொன்னாலும், ஊர் நம்பாது. மூன்று நீதிமன்றம் உள்ள ஊரில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினால் வாடகை கட்ட முடியாது. கட்டணப் பங்கீட்டில் வரும் மனக்கசப்பு தனி. நண்பர்களாகச் சேர்ந்து, சுவருக்கு நடுவே பலகை அடித்துப் பிரிந்த இரண்டு அலுவலகங்களை எங்கள் தெருவிலேயே காட்டலாம்.

நீதிபதித் தேர்வு பற்றி ஒரு சொல். மூன்று ஆண்டு வழக்குரைஞராகத் தொழில் செய்தவரே உரிமையியல் நீதிபதிப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று மீண்டும் கொண்டுவந்தது. அவருக்கு மூன்று ஆண்டு முடிந்துவிட்டது. எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் தேர்வுக்குப் படிப்பதையும் புது அலுவலகம் தொடங்குவதையும் ஒரே ஆண்டில் செய்யக் கூடாது; இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும். சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்குரைஞர் அமைப்பில் கிடைக்கும் பணி குற்றவியல் அனுபவத்துக்கு நல்ல களம். அதில் இருக்கும் காலத்தில் தனிப்பட்ட வழக்கு எடுக்க முடியாது, பணியும் ஒப்பந்தம்தான். தனி அலுவலகம் போடுவதற்கு முன் சில காலம் அங்கே இருந்துவிட்டுப் போகலாம்.

நோட்டரி ஆகலாமே என்றும் கேட்டார். பொதுவாகப் பத்து ஆண்டு, பெண்களுக்கும் சில பிரிவினருக்கும் ஏழு ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும். இப்போதைக்கு அது கணக்கிலேயே இல்லை.

இவ்வளவையும் பேசியபின் நான் சொன்னது: ஊருக்கு வாருங்கள், ஆனால் மதுரையிலிருந்து நேராக வராதீர்கள். திருநெல்வேலியிலோ தென்காசியிலோ உரிமையியல் வழக்கு நடத்தும் சீனியர் ஒருவரிடம் இரண்டு ஆண்டு; அதில் குறைந்தது பத்துச் சாட்சிகளைத் தாமே குறுக்கு விசாரணை செய்திருக்க வேண்டும், ஒரு வழக்கையாவது நிறைவேற்று மனு வரை கொண்டுபோய் அமீனாவோடு நிலத்தில் நின்றிருக்க வேண்டும். அதன்பின் பொது அலுவலகம், நில ஆவணத்தில் ஆழம். மதுரையில் கற்றதும் வீண் போகாது. தாலுகா ஊரில் இருந்துகொண்டே தம் கட்சிக்காரரின் மேல்முறையீட்டுக் குறிப்பைத் தாமே எழுதக்கூடியவர்கள் எங்களிடம் குறைவு.

பிழை பிடிக்கும் ஆளுக்கு ஒரு ஏற்பாடும் சொன்னேன். வாரம் ஒரு மாலை, அவர் தபசிலைப் படிக்க நான் பத்திரத்தில் விரல் வைக்கிறேன், பிறகு என்னுடையதை அவர் பார்க்கட்டும். கட்சிக்காரரின் சம்மதம் இருந்தால், இருவரும் எதிரெதிரே நிற்காத வழக்குகளில் மட்டும். அவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே, "நீங்களே எதிர்த்தரப்புல இருந்தா என்ன சார் செய்ய?" என்று கேட்டார். அதற்காகத்தான் அந்த இரண்டு ஆண்டு என்றேன். நான் எதிரே நிற்கும் நாளில், அவர் பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஏறி, சீனியரின் அறைக்குப் போய்ப் படித்துக் காட்ட வேண்டும். என்னுடைய சீனியர் உயிரோடு இருந்தவரை, அந்த எண்பது சென்ட்டுக்குப் பிறகு, நானும் அப்படித்தான் போய்வந்தேன்.